ஓரகத்தியின் மூக்கு

மீன் ஆலையில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அவள் வீடு திரும்பியபோது, தலைமுடியில் ஒரு செதில் ஒட்டிக்கொண்டிருந்தது. சட்டைப் பொத்தான் அகலம் இருக்கும். வாசலில் நின்றிருந்த அவளுடைய ஓரகத்தி, அதாவது கணவனுடைய அண்ணன் மனைவி, அதைப் பார்த்துவிட்டு, “மீன் வெட்டப் போனியா, மீனாவே மாறி வந்துட்டியா?” என்று கேட்டாள். அன்றைக்கு விழுந்த பெயர்தான் செதில். முதலில் வீட்டுக்குள் கேலியாக இருந்தது, பிறகு எப்படியோ ஆலைக்கும் போய்ச் சேர்ந்தது. மேஸ்திரிகூட “செதிலு வந்தாச்சா?” என்றுதான் கேட்பார். “வந்தாச்சு” என்று சொல்ல அவளும் பழகிவிட்டாள்.

வீடு ஒன்று, குடும்பம் இரண்டு. முன்பக்கத்து இரண்டு அறைகளில் அண்ணன் குடும்பம், பின்பக்கத்து இரண்டு அறைகளில் தம்பி குடும்பம். நடுவில் ஒரு முற்றம், ஒரு குழாய், ஒரே சமையலறை. அண்ணன் ஐஸ் லாரி ஓட்டினார். தம்பி தச்சர், புது மேசை நாற்காலி செய்வதைவிட உடைந்ததை ஒட்டிக் கொடுப்பதில்தான் அவருக்கு அதிக வேலை கிடைத்தது. மூத்தவள் ஒரு செருப்புப் பட்டறையில் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்தாள். தோலைக் கையில் எடுத்தாலே அது எங்கே இழுக்கும், எங்கே கொடுக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

மூத்தவளுக்குக் கையைவிட மூக்கு கூர்மை. பக்கத்து வீட்டில் பால் திரிந்தால் இவள் தும்முவாள் என்று அவளுடைய கணவரே சொல்வார். அப்படிப்பட்டவளின் வீட்டுக்குள் மீன் ஆலைக்காரி ஒருத்தி தினமும் மாலையில் நுழைந்தால் என்ன ஆகும்? மூத்தவள் சட்டம் போட்டாள். ஆலை உடுப்போடு சமையலறைக்குள் வரக் கூடாது. முதலில் குளியல், பிறகுதான் பேச்சு. துணி காய வைக்கத் தனிக் கொடி. அந்தக் கொடியும் காற்றடிக்கும் பக்கம் இருக்கக் கூடாது.

“அண்ணி, காத்து எந்தப் பக்கம் அடிக்கும்னு யாரு கண்டா?” என்றார் தச்சர்.

“எனக்குத் தெரியும் தம்பி. என் மூக்குக்குத் தெரியும்.”

தச்சர் தன் மனைவியிடம் தனியாகச் சொன்னார்: “ஓர் அகத்துல இருக்கறதால ஓரகத்தின்னு பேரு வச்சாங்களாம். எனக்கென்னவோ ஓரமா ஒரு கத்தி இருக்கறதாலதான்னு தோணுது.” செதில் சிரித்தாள். ஆனால் சட்டத்தை மீறவில்லை. குளித்துவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

ஆலையில் அவளுக்குத் தோலுரிக்கும் பிரிவு. சதைத் துண்டை இயந்திரத்தில் வைத்தால் தோலைத் தனியாகச் சீவித் தள்ளிவிடும். இயந்திரம் விட்ட இடத்தைக் கத்தியால் சரிசெய்ய வேண்டும். சதை பெட்டிக்குள் போகும். தலையும் முள்ளும் கோழித்தீவனம் அரைக்கிறவர்களுக்குப் போகும். தோலை மட்டும் யாரும் சீண்டவில்லை. அரவை இயந்திரத்தின் பற்களில் அது ஈரத்துணி போலச் சுற்றிக்கொண்டு ஓடவிடாமல் செய்துவிடும் என்று தீவனக்காரர்கள் கையை விரித்துவிட்டார்கள். ஆகவே தோல் நீலப் பீப்பாய்களில் நிறைந்து, லாரியில் ஏறி, ஊருக்கு வெளியே ஒரு குழியில் கொட்டப்பட்டது. பலாப்பழக்காரன் தோலை எறிவதுபோல ஆலை எறிந்தது. யாரும் அதைப்பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை.

யோசிக்க வைத்தவர்கள் குழிக்குப் பக்கத்தில் புதிதாகக் குடிவந்தவர்கள். ஒருநாள் காலையில் அவர்கள் சாலையில் நாற்காலிகளைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். லாரி திரும்பி வந்தது. மறுநாளும் திரும்பி வந்தது. ஆலையின் பின்கட்டில் பீப்பாய்கள் சுவர் ஓரமாக வரிசை கட்டின. அழுகல் வீச்சத்தில் மேஸ்திரிகூட மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொண்டு நடந்தார். “வேற இடம் பாக்கறாங்களாம்” என்பதைத் தவிர அவரிடம் சேதி எதுவும் இல்லை.

அந்த நாட்களில்தான் செதில் அதைக் கவனித்தாள். நிரம்பி வழிந்த ஒரு பீப்பாயிலிருந்து நழுவிய தோல் ஒன்று, கொட்டகையின் மரக்கதவில் ஒட்டி வெயிலில் காய்ந்திருந்தது. கதவைத் திறக்க இடைஞ்சலாக இருந்ததால் அதைப் பிய்த்தெடுக்கப் பார்த்தாள். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். கதவிலிருந்து ஒரு மரச்சிராய் பிய்ந்து வந்ததே தவிர, தோல் கிழியவில்லை. செதில்கள் உதிர்ந்த இடத்தில் வலை பின்னினாற்போல ஒரு வரிக்கோலம். முதுகுப் பக்கம் கருப்பு, வயிற்றுப் பக்கம் வரவர வெளுப்பு.

அதை ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனாள். குளித்தாள். பிறகு முற்றத்தில் மூத்தவளிடம் நீட்டினாள்.

“அக்கா, கோவிச்சுக்காதீங்க. ஒரே ஒரு தடவ இத இழுத்துப் பாருங்க.”

மூத்தவள் முகத்தைத் திருப்பிக்கொண்டே இரண்டு விரலால் வாங்கினாள். இழுத்தாள். முகம் திரும்பியது. மடித்தாள், குறுக்கே இழுத்தாள். உள்ளே போய்க் குத்தூசியை எடுத்து வந்து ஓரத்தில் ஒரு துளை போட்டு, துளையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். துளை நீளவில்லை.

“இது எங்க இருந்து?”

“குப்பையில இருந்து.”

“ஆட்டுத் தோலு இந்த மெலிசுல இருந்தா எப்பவோ கிழிஞ்சிருக்கும்” என்றாள் மூத்தவள். பிறகு, தான் பாராட்டிவிட்டதை உணர்ந்தவள் போல, “ஆனா நாறுது. வெளிய வை” என்றாள்.

பதமிட்ட தோலைத் தைக்க மூத்தவளுக்குத் தெரியும். பச்சைத் தோலைப் பதமிட இருவருக்குமே தெரியாது. பட்டறைக்குத் தோல் கட்டுக்கட்டாக எங்கிருந்தோ வரும். எப்படி வருகிறது என்று யாரும் கேட்டதில்லை. மரப்பட்டைச் சாறு, துவர்ப்பு ஏதாவது வேண்டும் என்று பட்டறையில் ஒருவர் சொன்னார். துவர்ப்பு என்றதும் செதிலுக்கு ஆலை உணவகத்தின் தேநீர் நினைவுக்கு வந்தது. வாயில் வைத்தால் நாக்கு சுருண்டுகொள்ளும். அங்கே தினமும் ஒரு வாளித் தேயிலைச் சக்கை வெளியே போனது. அதையும் கேட்டு வாங்கினாள். உணவகக்காரர், “தோலும் உனக்கு, சக்கையும் உனக்கு. நாங்க என்னதான் திங்கறது?” என்று கேட்டார்.

முதல் முயற்சி ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. செதில் தோல்களைச் சுரண்டிக் கழுவினாள். பெரிய அலுமினியப் பானையில் சக்கையைக் கொதிக்க வைத்து, சாறு ஆவி பறக்கும்போதே தோல்களை உள்ளே போட்டாள். சூடு அதிகமானால் சீக்கிரம் பதமாகும் என்பது அவள் கணக்கு. தோல்கள் கண்ணெதிரே சுருங்கின. அப்பளம் பொரிவதற்கு நேர்மாறாக, விரல் நீளத்துக்கு வந்து, பிறகு கரைந்தே போயின. பானையில் மிஞ்சியது பழுப்பு நிறத்தில் ஒரு கூழ். வெறுத்துப்போய் அப்படியே மூடி வைத்துவிட்டாள்.

மறுநாள் பானையைக் கழுவப் போன தச்சரால் அதில் விட்டிருந்த கரண்டியை எடுக்க முடியவில்லை. இழுத்தால் பானையும் சேர்ந்து வந்தது.

“ஏய், இது வஞ்சிரம்டி!” என்று கத்தினார். மரத்தை ஒட்டுவதற்குத் தோலைக் காய்ச்சிச் செய்யும் பழைய பசைக்கு அதுதான் பெயர். “பசைக்கும் வஞ்சிரம்னுதான் பேரு, மீனுக்கும் வஞ்சிரம்னுதான் பேரு. எவனோ தெரிஞ்சுதான் வச்சிருக்கான்.” சாற்றை வடிகட்டி, மெல்லச் சுண்ட வைத்து, ஒரு நாற்காலிக் காலை ஒட்டினார். அந்த நாற்காலியில் அண்ணனை உட்கார வைத்தார். அண்ணன் கனமான ஆள். நாற்காலி முனகவில்லை.

“பானை போச்சு, ஆனா நாற்காலி நின்னுச்சு” என்றாள் மூத்தவள். அவள் சிரித்ததைச் செதில் அன்றுதான் முழுதாகப் பார்த்தாள்.

அதன்பிறகு சூட்டின் பக்கமே போகவில்லை. சாற்றை ஆற வைத்து, முதலில் இளஞ்சாற்றில், பிறகு கெட்டிச் சாற்றில் என்று தோல்களைப் போட்டு, காலையும் மாலையும் கையால் துழாவிவிட்டாள். நிறம் ஏறியதும் எடுத்து எண்ணெய் தடவி, தச்சர் செய்து கொடுத்த பலகையில் ஆணி அடித்து நிழலில் காய வைத்தாள். காய்ந்ததும் விறைப்பாக இருந்தது. நாற்காலி முதுகில் போட்டு, துணியைப் பிழிவதுபோல முன்னும் பின்னும் இழுத்து இழுத்துத்தான் மெதுவாக்க வேண்டியிருந்தது. தோள்பட்டை வலித்தது. ஆனால் வந்தது தோல். மூத்தவள் அதைத் தடவிப் பார்த்துவிட்டு அளவெடுத்து வெட்டினாள்.

முதலில் ஒரு சுருக்குப் பை. பட்டறைக்குச் செருப்பு வாங்க வந்த ஒரு பைக்கடைக்காரம்மா அதைப் பார்த்துவிட்டு, “இது பாம்புத் தோலா?” என்று கேட்டார். மீன் என்றதும் இன்னும் ஆர்வமாகி, தோளில் மாட்டும் பைகள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். பட்டறை முதலாளி, வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் தன் இயந்திரத்தில் தைத்துக்கொள்ளச் சம்மதித்தார். ஆலையில் மேஸ்திரி, “எவ்வளவு வேணாலும் எடுத்துக்க தாயி, பீப்பாயோட எடுத்துக்க” என்றார். ஐஸ் லாரி திரும்பும் வழியில் பீப்பாயை ஏற்றிக்கொண்டு வந்தது. மொட்டைமாடி முழுக்கப் பலகைகள். ஓரகத்திகள் இருவரும் ஒரே கொடியில் துணி காயப் போட ஆரம்பித்ததைத் தெருவே பார்த்தது.

பைகள் விற்றன. கண்ணாடி அலமாரியில் விளக்கு வெளிச்சத்தில் வைத்தால் வரிக்கோலம் எழுந்து நின்றது. அதுவரை வெயில் காலம்.

மழை வந்தது. பை வாங்கியவர்களில் ஒருத்தி பள்ளி ஆசிரியை. நனைந்துகொண்டே ஓடிவந்து நெரிசலான பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் நடத்துநர் குரல் கொடுத்திருக்கிறார்: “யாரும்மா அது, மீன் கூடைய உள்ள ஏத்துனது?” எல்லோரும் கூடையைத் தேடியிருக்கிறார்கள். கூடை இல்லை. பக்கத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக விலக, ஆசிரியையைச் சுற்றி ஒரு வட்டம் விழுந்திருக்கிறது. அவள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, மழையில் நடந்து, நேராகப் பைக்கடைக்குப் போனாள்.

பைக்கடைக்காரம்மா மீதியிருந்த பைகளை ஒரு சாக்கில் போட்டு ஆட்டோவில் கொண்டுவந்து இவர்கள் வாசலில் இறக்கினார். ஈரப் பையைத் தனியே கையில் தூக்கிப் பிடித்திருந்தார். தெருவில் சன்னல்கள் திறந்தன.

“நான் வியாபாரம் பண்றதா வேணாமா? என் கடைக்குன்னு ஒரு பேரு இருக்கு. நீங்க ரெண்டு பேரும் சேந்து அத மீன் மார்க்கெட் ஆக்கிட்டீங்க.”

செதில் சாக்கை உள்ளே இழுத்து வைத்தாள். பைக்கடைக்காரம்மா போனபின் மூத்தவள் பேசினாள். குரலை உயர்த்தாமல் பேசினாள். அதுதான் மோசமாக இருந்தது.

“எங்க முதலாளி இன்னிக்கு மெஷினயே மோந்து பாத்தாரு. என்ன நம்பித்தான் குடுத்தாரு அவரு. இத்தன வருஷம் ஒரு தையல் பிரிஞ்சு என்கிட்ட திரும்பி வந்ததில்ல. நீ நாத்தத்த உள்ள வச்சு என்ன தைக்க வச்சுட்ட.”

“எனக்குத் தெரியாதுக்கா. காஞ்சப்ப நல்லாத்தான இருந்துச்சு.”

“உனக்கு என்ன தெரியும்? உனக்குத்தான் எதுவுமே நாறாதே.”

அன்றிலிருந்து பேச்சு நின்றது. கொடி மறுபடி இரண்டானது. ஒரே சமையலறையில் நின்றுகொண்டு, பக்கத்தில் இருப்பவளுக்குத் தூது அனுப்பினார்கள். “தம்பி, உப்பு டப்பா யாருகிட்ட இருக்குன்னு கேளுங்க” என்பாள் மூத்தவள். “என்னங்க, அடுப்புக்குப் பக்கத்துலயே இருக்குன்னு சொல்லுங்க” என்பாள் செதில். தச்சர் இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி, ஒருநாள், “எனக்குக் கழுத்து சுளுக்கிக்கிச்சு, நீங்களே எழுதிக் காட்டிக்கங்க” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அண்ணன் கழுவுற மீனில் நழுவுற மீன். சாப்பிட்டதும் லாரியைப் பார்க்கப் போய்விடுவார்.

செதில் கொஞ்ச நாள் மாடிக்கே போகவில்லை. பலகைகளை மழையில் நனையாமல் ஓரமாக அடுக்கி வைத்ததோடு சரி. ஆனால் அந்த ஆசிரியையின் பையை அவள் எறியவில்லை. ஒருநாள் அதை எடுத்துக்கொண்டு ஆலையின் பரிசோதனைக் கூடத்துக்குப் போனாள். மீன் கெட்டுவிட்டதா, நல்லதா என்று பார்க்கிற இடம். அங்கே வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் இருந்தாள். கல்லூரியில் வேதியியல் படித்தவள். தோலுரிக்கும் பிரிவோடு அதிகம் பேசியதில்லை, பேச நேரமும் இல்லை. செதில் நடந்ததைச் சொன்னாள்.

அந்தப் பெண் பையின் ஓரத்தில் கொஞ்சம் வெட்டி எடுத்து ஒரு திரவத்தில் ஊற வைத்தாள். மறுநாள் வரச் சொன்னாள். மறுநாள் ஒரு சிறிய கண்ணாடித் தட்டைக் காட்டினாள். திரவம் வற்றிப்போய், அடியில் மஞ்சளாக எண்ணெய்ப் படலம்.

“இதுதான் உங்க எதிரி. தோல்ல துவர்ப்பு நல்லாத்தான் ஏறியிருக்கு. ஆனா கொழுப்ப நீங்க எடுக்கவே இல்ல. மேல எண்ணெய் வேற தடவியிருக்கீங்க. உள்ள இருக்கற மீன் கொழுப்பு கெட்டுப்போய்க் கெடக்கு. காஞ்சிருக்கறப்ப அடங்கி இருக்கும். ஈரம் பட்டா எந்திரிச்சுரும்.”

“அத எப்படிம்மா எடுக்கறது?”

“சோப்பும் சலவைச் சோடாவும் போட்டுக் கழுவணும். பச்சைத் தண்ணியில. சோடா ரொம்பக் கம்மி. அதிகமானா தோலு கொழகொழன்னு ஆயிரும். அதுக்கு முன்னாடி உள்பக்கத்துல கருஞ்சதை ஒரு பொட்டு இல்லாம சுரண்டணும்.”

அவள் எழுதிக் கொடுக்க முன்வந்தாள். கழுவும் இடத்தில் காகிதம் நனைந்துவிடும் என்று செதில் வாயாலேயே இரண்டு முறை சொல்ல வைத்துக் கேட்டுக்கொண்டாள். அந்தப் பெண் சொன்னது சரியாகத்தான் இருந்தது. சோடா அதிகமானால் என்ன ஆகும் என்பதையும் செதில் ஒரு வாளித் தோலை இழந்து உறுதி செய்துகொண்டாள். பிறகு அளவு கைக்கு வந்தது. வாளியின் மேலே கொழுப்பு ஆடையாக மிதந்தது. சோப்புக் காய்ச்சுகிற ஒருவர் அதைக் கேட்டு வாங்கிப்போய், அடுத்த வாரமே திருப்பிக் கொண்டுவந்து வைத்தார். “என் சோப்பப் போட்டுக் குளிச்சா மறுபடி குளிக்க வேண்டியிருக்கு” என்றார். கடைசியில் அண்ணன் அதை லாரியின் பின்கதவுக் கீல்களுக்குத் தடவினார். ஐஸ் லாரியில் மீன் வாசனை வந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

புதுத் தோலில் தனக்கு ஒரு செருப்பைத் தானே கோணல்மாணலாகத் தைத்துக்கொண்டு, ஆலையின் ஈரத் தரையில் அதைப் போட்டு நடந்தாள். நனைந்தது, காய்ந்தது, நனைந்தது. பக்கத்தில் நின்று கத்தி பிடிப்பவளிடம் கேட்டாள்: “நாறுதா?”

“எது?” என்றாள் அவள்.

மேஸ்திரியிடம் கேட்டாள். அவர் செருப்பை மோந்துவிட்டு, “எனக்கு என் பொண்டாட்டி சமையலே மீனாட்டந்தான் இருக்கு. என்கிட்டயா கேக்கற?” என்றார்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆலையில் யாருக்கும் மூக்கு இல்லை. அவளுக்கும் இல்லை. தச்சருக்கு மரத்தூளும் வார்னிஷும் சேர்ந்து எப்போதோ அடைத்துவிட்டன. பரிசோதனைக் கூடத்துப் பெண்கூட, “நானும் இங்க வந்து வருஷம் ஆச்சு, என்ன நம்பாதீங்க” என்று சிரித்தாள். தெருவில் யாரையாவது கேட்கலாம். கேட்டால் முகத்துக்காக நல்லது சொல்வார்கள். முகம் பார்க்காமல் சொல்லக்கூடிய மூக்கு ஒன்றுதான் இருந்தது. அது முன்பக்கத்து அறையில் இருந்தது.

இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாவது நாள் காலையில் மூத்தவள் குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்தபோது, ஒரு கையளவு ஈரத் தோலோடு போய் நின்றாள்.

“அக்கா.”

மூத்தவள் நிமிரவில்லை. “யாரோ கூப்பிடறாங்க போல” என்று துணியிடம் சொன்னாள்.

“மோந்து பாத்துச் சொல்லுங்கக்கா. எனக்குத் தெரியல. நீங்க அன்னிக்குச் சொன்னது சரிதான். எனக்கு மூக்கு செத்துப்போச்சு. நல்லதும் கெட்டதும் எனக்கு ஒண்ணாத்தான் இருக்கு.”

மூத்தவள் துணியை முறுக்கினாள். தண்ணீர் சொட்டி முடியும்வரை முறுக்கினாள். கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினாள். கண்ணை மூடி, தோலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை மூக்கடியில் மெல்ல நகர்த்தினாள். வில் பிடித்து வாசிப்பவரைப்போல இருந்தது.

“இங்க இல்ல. இங்க இல்ல.” ஓரத்துக்கு வந்ததும் முகம் சுளித்தது. “இங்க இருக்கு. இது எந்த இடம்?”

“வயிறு. வயித்து ஓரம்.”

“அப்ப வயித்துலதான் வெச்சிருக்கு உன் மீனு.” தோலைத் திருப்பிக் கொடுத்தாள். “நான் காலைல டீ குடிக்கறதுக்கு முன்னாடி கொண்டுவா. குடிச்சப்புறம் மூக்கு சரியா சொல்லாது.”

பேச்சு திரும்பிவிட்டது. மன்னிப்பு என்று யாரும் எதையும் கேட்டதாகவோ கொடுத்ததாகவோ அந்த வீட்டில் யாருக்கும் நினைவில்லை.

வயிற்றுப் பக்கத்தில் கொழுப்பு அதிகம் என்பது அப்படித்தான் தெரிந்தது. அந்த ஓரத்தைத் தனியாக இன்னொரு முறை கழுவினாள். நாற்றம் போகாத இடத்தை வெட்டியே எடுத்தாள். வெட்டிய துண்டுகள் தச்சரின் பசைப் பானைக்குப் போயின. தினமும் காலையில் டீக்கு முன்னால் ஒரு துண்டு. “இருக்கு.” “கொஞ்சமா இருக்கு.” “சோப்பு வாசன வருது, அலசு.” ஒருநாள், “இன்னிக்கு எனக்குச் சளி, போ” என்றாள். செதிலுக்குக் கோபம் வந்தது. ஆனால் மூக்குக்காரியிடம் கோபித்துக்கொள்ள முடியாது.

ஒரு காலையில் மூத்தவள் வழக்கத்தைவிட அதிக நேரம் மோந்துகொண்டிருந்தாள். பிறகு அதைத் தண்ணீரில் முக்கி, ஒரு டப்பாவில் போட்டு இறுக மூடி வெயிலில் வைத்தாள். சாயந்திரம் பட்டறையிலிருந்து வந்ததும் உடுப்புகூட மாற்றாமல் டப்பாவைத் திறந்து முகத்தை உள்ளே வைத்தாள்.

செதில் கதவருகே நின்றிருந்தாள். “என்னக்கா?”

“தோல் வாசன வருது” என்றாள் மூத்தவள். “எங்க பட்டறையில புதுக் கட்டுப் பிரிக்கறப்ப வர்ற வாசன.”

செதில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை, கால் வலிக்கிறது என்றுதான் சொன்னாள்.

பைக்கடைக்கு இருவரும் சேர்ந்தே போனார்கள். ஒரு பையும் ஒரு சொம்புத் தண்ணீரும் கொண்டுபோனார்கள். பைக்கடைக்காரம்மா அவர்களைக் கண்டதும், “வேணாம்மா, சாமி, வேணாம்” என்று எழுந்தார். மூத்தவள் பையைக் கல்லா மேசையில் வைத்து, சொம்பைக் கவிழ்த்தாள். மேசையெல்லாம் தண்ணீர்.

“மோந்து பாருங்க” என்றாள்.

பைக்கடைக்காரம்மா மோந்தார். உள்ளே வேலைசெய்யும் பெண்ணைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னார். விலை கேட்டுக்கொண்டிருந்த ஒரு வாடிக்கையாளரும் என்ன ஏது என்று தெரியாமலேயே மோந்துவிட்டு, “நல்லாத்தான இருக்கு?” என்றார். முன்பு திருப்பிக் கொடுத்த அளவில் பாதிதான் இந்தமுறை கேட்டார் பைக்கடைக்காரம்மா. “மழைக்காலம் போகட்டும், அப்புறம் பேசலாம்” என்றார். அந்த மழைக்காலத்தில் எதுவும் திரும்பி வரவில்லை. பஸ்ஸில் அவமானப்பட்ட ஆசிரியைக்குச் செதில் ஒரு புதுப் பை கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் வாங்கிக்கொண்டாள். மாட்டிக்கொண்டு போனாளா என்பது தெரியாது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். செதில் ஆலை வேலையை விட்டாள். மூத்தவள் பட்டறையை விட இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது. ஆலையின் பின்பக்கத்துச் சந்தில் ஒரு பழைய கிடங்கை எடுத்து, தொட்டி கட்டி, தோலுரிக்கும் பிரிவிலிருந்து இரண்டு பெண்களையும் சேர்த்துக்கொண்டார்கள். சுரண்டிய சதையும் பயன்படுத்திய தேயிலைச் சக்கையும் ஒரு நாற்றுப் பண்ணைக்காரரிடம் போயின. அவர் அதை இலைகளோடு மக்க வைத்துச் செடிக்குப் போட்டார். தச்சர் கொஞ்ச காலம் மீன் பசையிலேயே ஒட்டிக்கொண்டிருந்தார். பிறகு கடையில் டப்பாவில் வாங்கும் பசைக்கே திரும்பிவிட்டார். காய்ச்சப் பொறுமை இல்லை என்றார். பசைப் பானையை இப்போது படச்சட்டம் செய்கிற ஒருவர் எடுத்து நடத்துகிறார்.

மூன்றாவது வருடம் ஆலை ஒரு பெரிய கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டது. கேப்சூல் மாத்திரைகளுக்கும் மிட்டாய்களுக்கும் போடும் ஜெலட்டின் செய்கிறவர்கள். தோல் மொத்தமும் அவர்களுக்குத்தான் என்றது ஆலை. “பீப்பாயோட எடுத்துக்க” என்று சொன்ன மேஸ்திரி சங்கடப்பட்டுக்கொண்டே வந்து சொன்னார்.

“என்ன தாயி பண்றது, மேல இருந்து உத்தரவு.”

“குப்பையா இருந்தப்ப எங்களுது, காசானதும் உங்களுதா?” என்றாள் மூத்தவள்.

செதில் அவளைத் தடுத்தாள். “விடுங்கக்கா. குழிக்குப் போகாம எங்கயோ போகுதுல்ல.”

அவள் அதை மனதாரச் சொன்னாளா, வேறு வழியில்லாமல் சொன்னாளா என்று மூத்தவளுக்கே பிடிபடவில்லை. அன்று இருவரும் கிடங்கைப் பாதியில் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். ஒரு வாரம் தொட்டிகள் காலியாகக் கிடந்தன.

பிறகு செதில் மீன் சந்தைக்குப் போனாள். அங்கே வெட்டிக் கொடுப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் காலடியிலும் ஒரு வாளி. ஒவ்வொரு வாளியிலும் கொஞ்சம் தோல். ஆலைத் தோல்போல ஒரே அளவாக இருக்காது. சிறியது, பெரியது, கோடு போட்டது, புள்ளி வைத்தது என்று கலந்து இருக்கும். கத்தி பட்டு ஓட்டை விழுந்ததும் இருக்கும். செதில் வெட்டுகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கத்தியைக் கொஞ்சம் படுக்க வைத்துப் பிடித்தால் தோல் முழுதாக வரும் என்று செய்து காட்டினாள். கேட்டவர்களும் உண்டு, “உன் வேலையப் பாரு” என்றவர்களும் உண்டு.

துண்டு துண்டாக வந்த தோலை மூத்தவள் துண்டு துண்டாகவே தைத்தாள். முதலில் சலித்துக்கொண்டாள். பிறகு கருப்புக்குப் பக்கத்தில் வெளுப்பு, கோட்டுக்குப் பக்கத்தில் புள்ளி என்று வைத்துப் பார்த்துப் பார்த்துச் சேர்க்க ஆரம்பித்தாள். பைக்கடைக்காரம்மாவுக்கு அது முந்தையதைவிடப் பிடித்திருந்தது. ஆனால் வேலை இரட்டிப்பு. மாதத்தில் செய்கிற பைகளின் எண்ணிக்கை குறைந்துதான் போனது. இப்போதும் அப்படித்தான்.

இன்றைக்கு அந்தச் சந்தில் நடந்துபோனால் கிடங்கைச் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். வாசலுக்கு மேலே தச்சர் இழைத்து மாட்டிய ஒரு நல்ல பலகை தொங்குகிறது. அதில் எழுத்து எதுவும் இல்லை. கடைக்குப் பெயர் வைப்பதில் ஓரகத்திகளுக்குள் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை. மீன் என்ற சொல் பெயரில் வரக் கூடாது என்பது மூத்தவள் கட்சி. வந்தால் யார் உள்ளே வருவார்கள் என்கிறாள். வந்தே தீர வேண்டும், மறைத்து விற்க மாட்டேன் என்பது செதில் கட்சி. போன வாரம்கூட, பலகைக்கு எழுத்து எழுதுகிறவர் தூரிகையோடு வந்து, வாசலில் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, உள்ளே நடக்கும் பேச்சு முடியட்டும் என்று காத்திருந்தார். மதியம் வரை காத்திருந்தார். ஒரு டீ கொடுத்தார்கள். குடித்துவிட்டு, “முடிவானா சொல்லி அனுப்புங்கம்மா” என்று ஸ்டூலை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.